தட்டினால் வரும் தண்ணீர்

லிஃப்ட்காரருக்குப் பயப்படுவதற்குக் காரணம் தேவையில்லை. காரணம் கிடைத்தால் இன்னும் வசதி, அவ்வளவுதான். வேலை பார்த்த காலம் முழுக்க ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டினார். மடக்குக் கதவை இழுத்துச் சாத்தி, பித்தளைப் பிடியைத் திருப்பி, ஆட்களை மேலே ஏற்றிக் கீழே இறக்குவதுதான் வேலை. அத்தனை வருஷமும் லிஃப்ட் கிளம்பும்போதெல்லாம் முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்வார். கயிறு அறுந்தால் அடி குறைவாகப் படும் என்று யாரோ சொல்லிவைத்தது. கயிறு ஒரு நாளும் அறுந்ததில்லை. ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கும்போதும் நாற்காலியிலிருந்து எழுந்தால் அந்த முழங்கால் மடங்கும். அவர் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "எந்த மாடிங்க?" என்று கேட்பார்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குத் தன் வீட்டை விற்க வேண்டி வந்தது. அதுவும் சொந்தத் தண்ணீர் இல்லாத வீட்டை.

வீட்டில் வேறு குறை ஒன்றும் கிடையாது. இரண்டு அறை, காற்று வரும் சமையலறை, பின்னால் துவைகல் போட்ட முற்றம், மொட்டை மாடியில் கறுப்புத் தொட்டி. தெரு மேட்டில் இருந்ததால் நகரத்துக் குழாய்த் தண்ணீர் தெருமுனையோடு நின்றுவிடும், அதற்கு மேல் ஏறாது. வீடு கட்டிய புதிதில் ஆழ்துளைக் கிணறு போட்டுப் பார்த்தார். பாறைப் பொடிதான் வந்தது. இடம் மாற்றிப் போட்டார். அங்கேயும் பொடிதான். புது வீடு மாவு மில் மாதிரி வெள்ளை பூத்ததுதான் மிச்சம். கடைசியில் அந்த வீட்டைக் காப்பாற்றியது பக்கத்து வீட்டுக் கிணறு.

பக்கத்து வீட்டில் தனியாக இருந்தவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவர். வேலையை விட்டு எவ்வளவோ காலம் ஆகியும் தெருவில் அவருக்கு விசில் டீச்சர் என்றுதான் பெயர். நல்ல உயரம், வளையாத முதுகு, ஒரு வார்த்தையில் முடிகிற பேச்சு. அவர் எதிரே வந்தால் லிஃப்ட்காரர் தன்னை அறியாமல் கையைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பது போல நிற்பார். வரிசையில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

அந்த டீச்சர்தான் ஒரு நாள் சுவருக்கு மேல் தலையை நீட்டி, தன் கிணற்றிலிருந்து குழாய் இழுத்துக்கொள்ளச் சொன்னார். லிஃப்ட்காரர் நன்றி சொல்ல வாயைத் திறப்பதற்குள் விரலை உயர்த்தினார்.

"ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும். தண்ணி உங்களுக்குத்தான் குடுக்குறேன். வீட்டுக்கு இல்ல."

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க லிஃப்ட்காரருக்குத் தைரியம் இல்லை. மின்சாரச் செலவில் பங்கு தருவதாக ஒரு முறை மென்று விழுங்கிச் சொன்னார். டீச்சர் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே செத்துப்போனது.

இரும்புக் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்து, முற்றத்து ஓரமாக ஓடி, மாடித் தொட்டிக்கு ஏறியது. மோட்டரும் சுவிட்சும் வால்வும் டீச்சர் பக்கம். தண்ணீர் வேண்டுமென்றால் கூப்பிடச் சொல்லியிருந்தார். எப்படிக் கூப்பிடுவது? நூறு பிள்ளைகளை ஒரே அதட்டில் நிற்க வைத்த மனுஷியை, சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, மோட்டரைப் போடுங்கள் என்று கூவுவதா? நாளெல்லாம் யோசித்துக்கொண்டு குழாய்ப் பக்கமே நடந்தவர் கையிலிருந்து ஸ்பேனர் நழுவி, குழாயில் பட்டு, துள்ளி இன்னொரு முறை பட்டது. அந்தப் பக்கம் மோட்டர் ஓடத் தொடங்கியது. தொட்டி நிரம்பியதும் என்ன செய்வதென்று தெரியாமல் பதறி, ஒரே ஒரு தட்டு தட்டினார். மோட்டர் நின்றது.

அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம். இரண்டு தட்டு என்றால் தண்ணீர் வேண்டும். ஒரு தட்டு என்றால் போதும். காலையில் எழுந்து பல் விளக்கியதும் வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போவார். குழாய்க்கு வலிக்குமோ என்பது போலத் தட்டுவார். அவ்வளவு மெல்லிய சத்தம் அந்தப் பக்கம் எப்படிக் கேட்கிறது என்று அவருக்கே ஆச்சரியம். ஆனால் கேட்காமல் போனதே இல்லை. தட்டிக் கையை எடுப்பதற்குள் குழாய் அதிர ஆரம்பிக்கும். வருஷக்கணக்கில் இரண்டு வீட்டுக்கும் நடந்த பேச்சுவார்த்தை முக்கால்வாசி இதுதான்.

இதற்கிடையில் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். ஆஸ்பத்திரி ஊரின் மறுகோடியில் இருந்தது. இரண்டு பஸ் மாற வேண்டும். போகும்போது கேலி பேசிக்கொண்டு போகிற மனுஷி, வரும்போது ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு முறை இரண்டாவது பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதே மயங்கி அவர் தோளில் சரிந்துவிட்டார். அன்றிலிருந்து லிஃப்ட்காரருக்குப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்தாலே பயம். மகள் ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில்தான் குடியிருந்தாள். தன் வீட்டுக்கு எதிரேயே சின்னதாகத் தரைத்தள வீடு ஒன்று விலைக்கு வருவதாகவும், வீட்டுக்காரர் இந்த மாதம் முடியும்வரைதான் காத்திருப்பார் என்றும் சொன்னாள். இந்த வீடு போனால்தான் அந்த வீடு வரும்.

வீடு பார்க்க வந்த முதல் ஆள் தண்ணீரைப் பற்றிக் கேட்டார். லிஃப்ட்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. வந்தவர் அவர் முகத்தைப் பார்த்தே பாதி புரிந்துகொண்டு, மீதியைத் தெருவில் விசாரித்துவிட்டுப் போய்விட்டார். இரண்டாவதாக வந்தவர்கள் கேட்கக்கூட இல்லை. இவராகவே பதறி உளறிக் கொட்டினார். அவர்களும் போனார்கள்.

புரோக்கர் நல்ல மனுஷன்தான். ஆனால் செருப்புத் தேய நடந்தவர். மூன்றாவது ஆட்களைக் கூட்டி வருவதற்கு முன்னால் லிஃப்ட்காரரை உட்கார வைத்துப் பேசினார்.

"கேட்டா பொய் சொல்லாதீங்க. கேக்கலன்னா உண்மையும் சொல்லாதீங்க. தொட்டிய ரொப்பி வைங்க, குழாயத் திறந்தா கொட்டணும். மத்தத நான் பாத்துக்குறேன்."

"பத்திரத்துல என்னங்க எழுதுவாங்க?"

"எல்லாப் பத்திரத்துலயும் எழுதுறதுதான். நீர்ப் பாத்தியம், வழிப் பாத்தியம் சகலமும் உட்படன்னு ஒரு வரி வரும். யாரும் அதப் படிக்கிறதில்ல."

யாரும் படிக்காத அந்த வரி லிஃப்ட்காரரின் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. நீர்ப் பாத்தியமாம். தண்ணீரில் அவருக்கு என்ன பாத்தியம், என்ன உரிமை இருந்தது? சாவியால் தட்டுகிற பாத்தியம். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டு விற்றால் மோசடி. போலீஸ் வரும். நோயாளி மனைவியைத் தனியாக விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாக அவர் ஜெயில் கம்பிவரைக்கும் போய்விட்டுத் திரும்புவார். சொன்னால் வீடு விற்காது, மனைவி பஸ்ஸிலேயே போய்விடுவாள். சொல்லாவிட்டால் ஜெயில்.

இதில் இன்னொரு பயமும் இருந்தது. வீட்டை விற்கப் போவதை டீச்சரிடம் இன்னும் சொல்லவில்லை. அவரிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லிவிடுவது என்று கிளம்பி டீச்சர் வீட்டுக் கேட்டுவரை போவார். கொக்கியைத் தொடுவார். தண்ணி உங்களுக்குத்தான், வீட்டுக்கு இல்ல என்ற குரல் காதில் விழும். திரும்பி வந்துவிடுவார். தெருவில் யாராவது பார்த்தால் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கலாமா என்று யோசிப்பது போல நிற்பார். அடுத்தவர் வீட்டுக் கேட்டுக்கு.

மூன்றாவது ஆட்கள் வந்தார்கள். மகன், மருமகள், அவள் இடுப்பில் ஒரு குழந்தை, மகனின் அம்மா. மகன் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுபவன். அவன் அம்மா ஆயுசு முழுக்கச் சந்தையில் மண்பானை விற்றவர். கீறல் இருக்கிறதா என்று ஒவ்வொரு பானையையும் விரலால் தட்டிக் காட்டித் தட்டிக் காட்டி, கடைசியில் எதைப் பார்த்தாலும் தட்டாமல் இருக்க முடியாத கை ஆகிவிட்டது. பானைக்காரம்மா உள்ளே வந்ததும் வாசல் கதவைத் தட்டினார். நிலையைத் தட்டினார். சுவரைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். அலமாரி, ஜன்னல் கட்டை, அரிசி டப்பா ஒன்றையும் விடவில்லை. லிஃப்ட்காரரின் முதுகையும் தட்டிப் பார்த்திருப்பார், அவர் சட்டென்று நகர்ந்துகொண்டார்.

தண்ணீரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சமையலறைக் குழாயைப் புரோக்கரே திறந்து காட்டினார். கொட்டியது. மருமகள் கையை நீட்டித் தண்ணீரைப் பிடித்துக் குழந்தையின் பாதத்தில் விட்டாள். குழந்தை சிரித்தது. இப்போது இருக்கும் இடத்தில் லாரி வந்து நின்றால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்றும், குழந்தை பிறந்த பிறகு ஓட முடியாமல் பல நாள் வெறும் குடத்தோடு திரும்பியதாகவும் அவள் சாதாரணமாகச் சொன்னாள். லிஃப்ட்காரர் குழாயை இறுக மூடினார். படுக்கையறைக் கட்டிலில் சாய்ந்திருந்த மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் பின்முற்றத்துக்கு வந்தார்கள். பானைக்காரம்மா துவைகல்லைத் தட்டினார். வடிகால் மூடியைத் தட்டினார். அப்புறம் சுவரோரம் ஓடும் இரும்புக் குழாயைப் பார்த்தார். தட்ட வேண்டாம் என்று சொல்ல லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் பானைக்காரம்மா கையில் கிடந்த தடித்த மோதிரத்தால் குழாயில் ஓங்கி இரண்டு தட்டு தட்டினார்.

மோட்டர் ஓடத் தொடங்கியது.

தொட்டியோ காலையிலேயே விளிம்புவரை நிரம்பியிருந்தது. கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து தண்ணீர் வழிந்து, முற்றத்தில் அருவியாகக் கொட்டியது. மகனின் முகம் மலர்ந்துவிட்டது. மருமகள் குழந்தையோடு சாரலில் போய் நின்றாள். புரோக்கர் இரண்டு கையையும் விரித்து, வெயில் காலத்தில் இந்த மேட்டில் இப்படித் தண்ணீர் கொட்டுகிற வீடு வேறு காட்டுங்கள் பார்க்கலாம் என்று சவால் விட்டார். லிஃப்ட்காரர் மட்டும் பேயறைந்த மாதிரி நின்றார். கிணற்றில் இந்த மாதம் தண்ணீர் எவ்வளவு கீழே கிடக்கிறது என்று அவருக்குத் தெரியும். டீச்சர் தன் செடிகளுக்கே அளந்துதான் ஊற்றுகிறார். அந்தத் தண்ணீர் வடிகாலில் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சருக்கு இந்தச் சத்தம் கேட்காமலா இருக்கும்?

ஒரு தட்டு தட்டினால் நின்றுவிடும். ஆனால் இத்தனை பேர் பார்க்க எப்படித் தட்டுவது?

பானைக்காரம்மாவுக்கு ஓடும் தண்ணீரைப் பார்த்துப் பொறுக்கவில்லை.

"போதுமே, வீணாப் போகுது. சுவிட்ச் எங்க இருக்கு?"

புரோக்கர் லிஃப்ட்காரரின் காதருகே வந்து, போய் அணையுங்கள் என்றார். அவருக்கும் தட்டுகிற சமாச்சாரம் தெரியாது. சுவிட்ச் வீட்டுக்குள் எங்கோ இருக்கிறது என்று நினைத்திருந்தார். லிஃப்ட்காரர் திருதிருவென்று விழித்தார். தண்ணீர் கொட்டியது. மருமகள் குழந்தையிடம் குனிந்து, "இனிமே உனக்குத் தண்ணிக் கஷ்டமே இல்லடா" என்றாள்.

அதுதான் அவரை அசைத்தது. ஜெயில் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து உட்கார்ந்தது. இந்தப் பெண் வீட்டை வாங்கிவிட்டு, ஒரு காலையில் குழாயைத் திறந்து, வெறும் காற்று வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். குழந்தை அழும். தான் ஊரின் மறுகோடியில், தண்ணீர் கொட்டும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அந்த அழுகையைத் தினமும் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். லிஃப்ட்காரர் முழங்காலை லேசாக மடக்கினார். பையிலிருந்து சாவியை எடுத்தார். போய்க் குழாயில் ஒரு தட்டு தட்டினார்.

தண்ணீர் நின்றது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"இந்தத் தண்ணி எங்களுது இல்லீங்க. பக்கத்து வீட்டு டீச்சர் கிணத்துலேர்ந்து வருது. எழுத்து ஒண்ணும் கிடையாது. எங்களுக்குன்னுதான் குடுத்தாங்க, வீட்டுக்குன்னு குடுக்கல. நீங்க வந்தா குடுப்பாங்களான்னு எனக்குத் தெரியாது. இங்க போர் போட்டாலும் பாறைதான். நான் ரெண்டு தடவ போட்டுப் பாத்துட்டேன்."

அவர் வாழ்க்கையில் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான். புரோக்கர் தலையில் கை வைத்துக்கொண்டு துவைகல்லில் உட்கார்ந்தார். அது ஈரமாக இருந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து சுவருக்கு மேல் டீச்சரின் தலை தெரிந்தது. ஓடி வந்து ஸ்டூல் போட்டு ஏறியிருக்கிறார், மூச்சு வாங்கியது. முகம் வெளிறிக் கிடந்தது. அந்த முகத்தில் பயம் என்று ஒன்று இருக்க முடியும் என்று லிஃப்ட்காரர் அதுவரை நினைத்ததே இல்லை.

"உங்க வீட்டுல அவங்களுக்கு என்ன ஆச்சு? இப்படி ஓங்கி நீங்க தட்டுனதே இல்லையே. யாரோ பதறிப்போய்த் தட்டுறாங்கன்னு நெனச்சேன்."

அப்புறம்தான் முற்றத்தில் நிற்பவர்களைப் பார்த்தார். புரோக்கரைத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். டீச்சரின் பார்வை அவரிடமிருந்து மகனுக்கும், மருமகளுக்கும், குழந்தைக்கும் போய், கடைசியில் லிஃப்ட்காரரிடம் வந்து நின்றது. தலை கீழே இறங்கிவிட்டது. ஸ்டூலை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் மட்டும் கேட்டது.

வந்தவர்கள் கிளம்பினார்கள். பானைக்காரம்மா வாசலில் நின்று கதவைக் கடைசியாக ஒரு தட்டு தட்டி, "வீடு கீறல் இல்லாம இருக்கு. தண்ணியிலதான் கீறல்" என்று சொல்லிவிட்டுப் போனார். புரோக்கர் சொல்லிக்கொள்ளாமலே போனார்.

லிஃப்ட்காரர் மனைவியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். எல்லாம் போய்விட்டது, தன் வாயாலேயே கெடுத்துவிட்டேன் என்று சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. மனைவி அன்றைக்குக் குடிக்க வேண்டிய தண்ணீரை அளந்து வைத்திருந்த தம்ளரை எடுத்து, ஒரு வாய் குடித்து, மீதியைப் பத்திரமாக மூடி வைத்தார். "கெடுக்கறதுன்னாலும் கொஞ்சம் சத்தமாக் கெடுத்தீங்க. உள்ள வரைக்கும் கேட்டுது" என்றார். அவர் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை லிஃப்ட்காரர் சாவியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். குழாய்க்கு முன்னால் நின்றார். தட்டி, தண்ணீர் வராமல் போனால்? அதைத் தாங்க முடியாது என்று தோன்றியது. தட்டாமல் திரும்பினார். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. தொட்டியில் இருந்ததை வைத்து ஒப்பேற்றினார். தான் குளிக்கவில்லை. பாத்திரத்தை ஈரத் துணியால் துடைத்தார். தொட்டி காலியாகி, குழாய் இருமிவிட்டு நின்றதும் மனைவி அவரை அழைத்தார்.

"ரெண்டு நாளா நீங்க தட்டல. அவங்க என்ன நெனச்சிட்டு இருப்பாங்க? குழாயத் தட்டப் பயமா இருந்தா, போய்க் கதவத் தட்டுங்க."

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனார். இந்த முறை கேட்டைத் திறந்து உள்ளே போனார். பின்பக்கம் பேச்சுக்குரல் கேட்டது. கிணற்றடியில் மோட்டர் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி கிடந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து அதன் பின்னல் தொய்ந்திருந்தது. சுவிட்சுக்கு மேலே ஆணியில் பழைய விசில் தொங்கியது. டீச்சர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே கிணற்றுச் சுவரில் சாய்ந்து பானைக்காரம்மா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

லிஃப்ட்காரர் வழக்கம்போல வரிசையில் நின்றார். டீச்சர் அவரைப் பார்த்ததும் முதலில், அவங்க எப்படி இருக்காங்க என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்று இவர் சொன்ன பிறகு மூச்சை விட்டார். அப்புறம்தான் கோபப்பட்டார்.

"வீட்ட விக்கிறத எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"பயமா இருந்துதுங்க."

"ரெண்டு நாளா ஏன் தட்டல?"

"அதுவும் பயம்தாங்க."

பானைக்காரம்மா டீ தம்ளரைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். தான் பார்த்த வீடுகளில் எல்லாம் தண்ணீர் பொங்கி வழிவதாகத்தான் சொன்னார்கள் என்றும், இல்லை என்று சொன்ன ஒரே ஆள் இவர்தான் என்றும், அதனால் வீட்டை விட மனசில்லை என்றும் டீச்சரிடம் சொல்லியிருக்கிறார். தண்ணீரை வீட்டோடு சேர்த்து எழுதித் தரச் சொல்லி நேற்றும் இன்றும் வந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். டீச்சர் முடியாது என்று சொல்லிவிட்டாராம். சொல்லியும் அந்த அம்மா எழுந்து போகவில்லை.

"ஏன் முடியாதுன்னு இவங்க கேட்டுட்டே இருக்காங்க" என்றார் டீச்சர். "உங்களுக்கும்தான் எழுதிக் குடுத்திருக்கலாம். ஒரு நாள் வேல. எழுதிக் குடுத்தா பாத்தியம் வந்துடும். பாத்தியம் வந்தா சுவிட்ச உங்க பக்கம் வச்சுப்பீங்க. அப்புறம் எதுக்குத் தட்டப் போறீங்க?"

லிஃப்ட்காரருக்குப் புரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்து டீச்சருக்கு எரிச்சல் வந்தது.

"காலையில இந்த வீட்டுல கேக்குற சத்தம் அது ஒண்ணுதாங்க. விடியறதுக்கு முன்னாடியே இங்க வந்து உக்காந்துடுவேன். நீங்க தட்டுறது எலி சுரண்டுற மாதிரி இருக்கும், வீட்டுக்குள்ள இருந்தா கேக்காது. ரெண்டு நாளா உக்காந்துட்டே இருந்தேன். சொல்லாமப் போயிட்டீங்களோ, அவங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சோன்னு ஒரே நடுக்கம். வந்து கேக்கவும் பயம். பயம் உங்களுக்கு மட்டும்தான்னு நெனச்சீங்களா?"

லிஃப்ட்காரர் அந்தத் தொய்ந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். தட்டிக் கையை எடுப்பதற்குள் எத்தனை காலையில் குழாய் அதிர்ந்திருக்கிறது. அது எப்படி என்று ஒரு நாள்கூட அவர் கேட்டதில்லை.

பானைக்காரம்மா கிணற்றுச் சுவரை ஒரு தட்டு தட்டினார்.

"எங்களுக்குச் சுவிட்ச் வேணாம் டீச்சர். சுவிட்ச் உங்ககிட்டயே இருக்கட்டும். பாத்தியம் மட்டும் எழுதிக் குடுங்க. தட்டுறதுக்கு எனக்குச் சொல்லியா குடுக்கணும்?"

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க தட்டுனா குழாயே ஒடஞ்சுடும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, அந்தக் குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டதா என்று கேட்டார். இன்னும் இல்லை, தவழ்கிறது என்றார் பானைக்காரம்மா. டீச்சர் விசிலைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். பத்திரம் எழுதுகிற இடத்துக்கு எந்த நாள் வர வேண்டும் என்று கேட்டார். வீட்டுக்கே எழுதுகிறேன், யார் கைக்குப் போனாலும் செல்லட்டும் என்றார்.

லிஃப்ட்காரர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மாதம் முடிவதற்குள் மகள் வீட்டுக்கு எதிரே போய்விடலாம், பஸ் கிடையாது, நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொல்லும்போது மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் அந்த வீட்டுத் தண்ணீர் எப்படி என்று கேட்டார். குழாயைத் திருகினால் போதும், எந்நேரமும் வரும் என்று மகள் சொன்னதைச் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மாறியது.

"என்னங்க?"

"இல்ல, அங்க நாம தட்ட வேண்டியதே இல்ல. ஒரு நாள் தட்டலன்னா, என்ன ஆச்சுன்னு பதறி ஓடி வர யாரு இருப்பா?"

மகள் எதிரிலேயே இருக்கிறாள் என்று மனைவி சொன்னார். இவரும் ஆமாம் என்றார். ஆனாலும் புதிதாக வந்த அந்தப் பயம் போகவில்லை. இத்தனை வருஷமாகப் பயந்த பயமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது.

சாவியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். இரண்டு தட்டு தட்டினார், எலி சுரண்டுவது போல இல்லாமல். குழாய் உடனே அதிர்ந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அந்தப் பக்கம் நாற்காலியில் டீச்சர் உட்கார்ந்திருப்பார். இன்னும் எத்தனை காலை மிச்சம் என்று எண்ணிப் பார்க்க மனம் வரவில்லை. தொட்டி நிரம்பியதும், தண்ணீர் வழிந்து பாதத்தை நனைத்ததும் அவருக்குத் தெரியவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீளமாக ஒரு விசில் கேட்டது.

லிஃப்ட்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். கையிலிருந்த சாவி நழுவிக் குழாயின் மேல் ஒரே ஒரு முறை பட்டுக் கீழே விழுந்தது. தண்ணீர் நின்றது.